ஆயுசு தெரிந்த எஞ்ஜின்

பிப்ரவரி 9

ஒருத்தியை வேலையை விட்டுத் துரத்த ஒரு பொன்னாடை, ஒரு ரோஜா மாலை, ஒரு வெள்ளிக் குத்துவிளக்கு போதும். இன்று எங்கள் கார் பந்தயப் பட்டறையில் மூன்றும் எனக்குக் கிடைத்தன. போட்டோ எடுத்தார்கள். கேசரி கொடுத்தார்கள். கேசரியில் நெய் போதவில்லை.

அண்ணன் மைக்கைப் பிடித்து, "எந்தங்கச்சி சாந்தாமணி இல்லீன்னா இந்த டீமே இல்லீங்க. இத்தன வருசமும் அவ கட்டுன எஞ்ஜின்லதான் நாம கப்பு வாங்குனோம். இனி அவ சித்தெ ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டித் தொலைத்தேன்.

ரெஸ்ட் வேண்டும் என்று நான் யாரிடம் கேட்டேன்? எனக்கு நாற்பத்தாறு வயது. மூட்டுவலிகூட இன்னும் வரவில்லை. சாயங்காலம் என் எஞ்ஜின் அறைக்குப் போனால் வேறு பூட்டுத் தொங்குகிறது.

பிப்ரவரி 11

புது விதிகளின் சுற்றறிக்கை வந்துவிட்டது. செலவைக் குறைக்கிறார்களாம். நாட்டிலேயே முதல்தரமான பந்தயம் இது. போன வருடம் ஓடிய கார்கள் வெறும் பதினொன்று. இப்படியே போனால் இரண்டு வருடத்தில் தடத்தில் மாடு மேயும் என்று பயந்துவிட்டார்கள்.

இனி எல்லா அணிக்கும் ஒரே கம்பெனியின் எஞ்ஜின் பாகங்கள் பெட்டியில் வரும். பூட்டி முடித்ததும் பரிசோதகர் வந்து கம்பி கோத்து ஈயச் சீல் வைப்பார். வருடம் முழுக்க அதே எஞ்ஜின். சீலை உடைத்தால் அந்த அணியின் மொத்தப் புள்ளிகளும் போய்விடும்.

அதோடு ஒரு மாற்று விதி. பந்தயத்தில் பின்பாதியில் முடித்த அணி, ஜெயித்தவனின் எஞ்ஜினைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பதிலுக்குத் தன் எஞ்ஜினை அவனுக்குக் கொடுக்க வேண்டும். ஜெயித்தவன் அதைத்தான் அடுத்த பந்தயத்தில் ஓட்ட வேண்டும். நாளைக்கு எவனோ தூக்கிக்கொண்டு போகப்போகிற எஞ்ஜினில் எவன் பணத்தைக் கொட்டுவான்? நல்ல மூளைதான். மூளைக்குச் சொந்தக்காரர் விதிக் குழுவில் உட்கார்ந்திருக்கும் லோகநாதன், அதாவது என் அண்ணன்.

எழுதும்போதே அவருக்குத் தெரியும், இதற்குப் பிறகு எஞ்ஜின் கட்ட நான் தேவையில்லை என்று. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றிலிருந்து இந்த நோட்டில் அவர் பெயர் லோகநாதன், அவ்வளவுதான்.

பிப்ரவரி 20

கோவை கணபதியில் ஒரு மாடி வீட்டுக்கு வந்துவிட்டேன். தண்ணீர் வாரம் ஒரு நாள். வீட்டுக்காரம்மா, துணியை மாடிக் கைப்பிடிக் கம்பியில் காயப்போடாதே, கொடியில் போடு என்கிறாள்.

சாமான் தூக்க யுகேந்திரன் வந்தான். லோகநாதனின் மகன், அவர் அணியின் டிரைவர். ஒரு கையில் குக்கர், ஒரு கையில் மிக்ஸி. "அத்தை, அப்பா பண்ணுனது தப்புதான். ஆனா நான் சொன்னா கேக்கறாரா?" என்றான். "நீ எதுவும் சொல்ல வேண்டாம். ஒழுங்கா கார் ஓட்டு" என்றேன்.

என் மடியில் உட்கார்ந்து ஸ்பேனர் சைஸ் படித்தவன். அப்பனுக்கு இருக்கிற திமிர் இவனுக்கு இல்லை. அதற்காக அப்பனை விட்டுவிட முடியுமா?

மார்ச் 4

கரூரிலிருந்து நடேசன் என்பவர் வந்தார். பஸ்ஸுக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். பந்தய அணி ஆரம்பிக்கிறாராம், எஞ்ஜினை நான் பூட்டித் தர வேண்டுமாம்.

"பந்தயம்னா பெரிய வீட்டு ஆளுகளுக்குன்னு இருந்துச்சுங்க. இந்தப் புது ரூலு வந்ததாலதான் என்னையமாதிரி ஆளு உள்ள வர முடியுது. எழுதுன மகராசன் நல்லாருக்கோணும்" என்றார்.

எழுதுன மகராசனின் தங்கச்சி முன்னாலேயே. காபியில் உப்பைப் போட்டுக் கொடுக்கலாமா என்று நினைத்தேன். ஆனால் நல்ல மனுஷர். டிரைவர் பையன் தாஹிர் வாணியம்பாடிக்காரன், அவனையும் கூட்டி வந்திருந்தார். வாயே திறக்காத பையன். கையைப் பார்த்தேன், பதறாத கை.

சரி என்றேன். ஒரு நிபந்தனை: பந்தய நாளில் நான் சொல்வதுதான் சட்டம். நடேசன் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மார்ச் 22

காலை கரூர் பஸ், சாயங்காலம் கோவை பஸ். நடுவில் எஞ்ஜின்.

பழைய காலத்தில் நாங்கள் ஒரு எஞ்ஜினை ஒரே ஒரு பந்தயத்துக்குத்தான் கட்டுவோம். எல்லாப் பாகத்தையும் உயிர் போகிற அளவுக்கு இளைக்க வைப்போம். கொடி விழுந்த பிறகு அது செத்தாலும் கவலை இல்லை. எந்தச் சுற்றில் சாகும் என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். லோகநாதன் பக்கத்தில் நின்று சுற்றுகளை எண்ணுவார். "உம்பட கையில எமன் இருக்கறான் சாந்தா" என்று சிரிப்பார். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

இது வருடம் முழுக்க வாழ வேண்டிய எஞ்ஜின். வேறு வித்தை. கற்றுக்கொண்டிருக்கிறேன். எதை எந்த அளவில் வைத்தேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

ஏப்ரல் 2

சீல் வைத்தாகிவிட்டது. கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. இரண்டு நாளாக பன்னும் டீயும்.

மே 17

சென்னைத் தடம், முதல் பந்தயம். பதினேழு கார்கள். எரிச்சலாக இருந்தாலும் எழுதிவைக்கிறேன், பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

யுகேந்திரன் முதல். தாஹிர் நாலாவது. நடேசன் எல்லோருக்கும் மோர் வாங்கிக் கொடுத்தார்.

லோகநாதன் எங்கள் காரைப் பழுதுபார்க்கும் பிட்டைக் கடந்து போனார், காலை இழுத்து இழுத்து. இந்த வெயிலில் அந்தக் காலுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி வலித்திருக்கும். அவர் ஓட்டிய காலத்தில் வெளிநாட்டிலிருந்து வாங்கிய எஞ்ஜின் ஒன்று, எங்கள் ஊர்த் தடத்தில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய வேக வளைவில் இறுகிக்கொண்டது. பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. கார் ஆறு பல்டி. ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான், "இனி என் எஞ்ஜினை வெளியாள் கையில குடுக்க மாட்டேன், நீ கட்டு" என்றார். நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்துவிட்டுச் சும்மா இருந்த நேரம்.

அப்படி ஆரம்பித்தது. எப்படி முடித்துவைத்தார் பார்.

என் பக்கம் பார்த்துத் தலையசைத்தார். நான் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 28

யுகேந்திரன் இரண்டாவது. தாஹிர் ஐந்தாவது. பல் வலி.

ஜூலை 19

யுகேந்திரன் மறுபடியும் முதல். பட்டியலில் அவன்தான் மேலே. பத்திரிகையில் லோகநாதனின் பேட்டி: "பந்தயத்தின் எதிர்காலம் சிக்கனத்தில்தான் இருக்கிறது. எஞ்ஜின் நிபுணர்களின் காலம் முடிந்துவிட்டது." பக்கத்தில் போட்டோ. தொப்பை வைத்திருக்கிறது.

மாற்று விதியை இதுவரை ஒரு அணியும் பயன்படுத்தவில்லை. கேட்பதை அசிங்கம் என்று நினைக்கிறார்கள். அடுத்தவன் வீட்டு அடுப்பிலிருந்து சட்டியை இறக்குவது மாதிரி. கௌரவம் பார்ப்பார்கள் என்று நம்பித்தான் லோகநாதனும் எழுதியிருப்பார்.

எனக்குத்தான் அவர் கௌரவத்தை மாலையாகப் போட்டு அனுப்பிவிட்டாரே.

ஆகஸ்ட் 23

நாலாவது பந்தயம். இதற்குப் பிறகு கடைசிப் பந்தயம் ஒன்றுதான் பாக்கி. செய்துவிட்டேன்.

தாஹிர் இன்று என்னவோ பேய் பிடித்தவன்போல ஓட்டினான். மூன்றாவது இடம். அவன் வாழ்க்கையில் முதல்முறை மேடை ஏறப்போகிற இடம். நடேசன் செல்போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு பட்டறை ஆட்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

நான் ரேடியோவில், "தாஹிர், வழி விடு. பின்னால் போ" என்றேன்.

"எத்தன காருக்குங்க்கா?"

"நான் நிறுத்துன்னு சொல்ற வரைக்கும்."

பிறகு ஒவ்வொருவராக அவனைத் தாண்டினார்கள். பின்பாதிக்குள் வந்ததும் போதும் என்றேன். நடேசன் செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "எதுக்குங்க இது?" என்றார். "ஜெயிச்ச எஞ்ஜின் நமக்கு வரும். கடைசிப் பந்தயத்தில் தெரியும்" என்றேன். நம்பினார். அவர் எதையும் நம்புவார்.

யுகேந்திரன்தான் ஜெயித்தான். பரிசோதகரிடம் போய், மாற்று விதிப்படி அந்த எஞ்ஜின் வேண்டும் என்றேன். அந்த ஆள் இரண்டு தடவை கேட்டார். பிட் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்காவிட்டால் போங்கள்.

லோகநாதன் வந்தார். "என்ன சாந்தா இது? கேட்டிருந்தா நானே..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். எங்கள் எஞ்ஜினை டிராலியில் வைத்து அவர் பக்கம் நானே தள்ளிக்கொண்டு போனேன்.

ஒன்றே ஒன்று சொன்னேன். "பத்திரமா வெச்சுக்கங்ணா. இதோட ஆயுசு எனக்குத்தான் தெரியும்."

அவர் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதைப் பார்த்தேன். ஆறு மாதமாக இந்தப் பாழாய்ப்போன மாடிப்படியை ஏறி இறங்கியதற்கு இன்றுதான் கூலி.

ஆகஸ்ட் 24

தோசை மாவு புளித்துவிட்டது. அப்படியும் நாலு தோசை சாப்பிட்டேன். நல்ல பசி.

செப்டம்பர் 6

யுகேந்திரன் போன் செய்தான். எஞ்ஜினை டெஸ்ட் பெஞ்சில் பூட்டி ஓட்டிப் பார்த்தார்களாம்.

"நம்ம பழைய எஞ்ஜினவிட நல்லா இழுக்குதுங்கத்தை. நான் சந்தோசப்பட்டேன். அப்பா அப்படியே உக்காந்துட்டாரு. இத்தன நல்ல எஞ்ஜின எதிராளிக்கு எவனாச்சும் குடுப்பானாங்கறாரு. அத்தைக்கு எந்தச் சுத்துல நிக்கும்னு தெரியும், தொட்டி வளைவுலதான் நிக்கும்னே சொல்றாரு. சாப்பாடே எறங்கறதில்ல அவருக்கு."

"அப்படியா?"

"நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கத்தை. அவர்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

"உங்கப்பா பெரிய விதி எழுதறவராச்சே. அவருக்குத் தெரியாததா எனக்குத் தெரியும்?" என்று வைத்துவிட்டேன்.

அண்ணனுக்குச் சாப்பாடு இறங்கவில்லையாம். லோகநாதனுக்கு.

செப்டம்பர் 20

கேள்விப்பட்டது. லோகநாதன், பரிசோதகர் முன்னிலையில் சீலைப் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி சீல் வைக்க அனுமதி கேட்டாராம். விதியில் அதற்கு இடமில்லை என்று குழு சொல்லிவிட்டதாம். அந்த விதியையும் அவர்தான் எழுதினார்.

ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன். வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தாள்.

அக்டோபர் 10

நாளை மறுநாள் கடைசிப் பந்தயம், எங்கள் ஊர்த் தடத்தில். ஓட்டி முடித்தாலே கப்பு யுகேந்திரனுக்கு. கப்பு கையை விட்டுப் போனால் லோகநாதனின் ஸ்பான்சர் விலகிவிடுவான், அதை எழுதியே கொடுத்திருக்கிறான்.

தாஹிர் என்னிடம் பேசுவதில்லை. சொன்ன வேலையைச் செய்கிறான், போகிறான். வாங்கி வந்த எஞ்ஜினைக் காரில் பூட்டினோம். சுமாரான எஞ்ஜின். கம்பெனி ஆட்கள் பூட்டியது. ஒரு இடத்திலும் மனசு வைக்கவில்லை.

அக்டோபர் 12

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். லோகநாதன் அணியின் எஞ்ஜின் சீல் உடைந்திருக்கிறது, வருடத்தின் புள்ளிகள் மொத்தமும் ரத்து, கார் ஓடாது. பிட்டில் இருந்தவர்கள் எல்லோரும் அந்தப் பக்கம் ஓடினார்கள். நான் நடந்து போனேன். இதற்காகத்தான் பிப்ரவரியிலிருந்து காத்திருந்தேன், ஓடி வீணாக்குவதற்கில்லை.

எஞ்ஜின் மேசை மேல் பிரிந்து கிடந்தது. லோகநாதன் கையில் கட்டர். துண்டான கம்பி தரையில். யுகேந்திரன் பந்தய உடுப்போடு சுவரில் சாய்ந்து நின்றான், ஹெல்மெட்டை வயிற்றோடு அணைத்துக்கொண்டு.

என்னைப் பார்த்ததும் லோகநாதன், "ஒண்ணுமில்லயே சாந்தா" என்றார். கோபம் இல்லை. அழுது முடித்த ஆள் பேசுவது மாதிரி இருந்தது. "பொழுது விடிஞ்சதுலருந்து பாக்கறேன். ஒரு கீறல்கூட இல்ல. எப்படிக் கட்டியிருக்கற நீ. இன்னும் ரெண்டு வருசம் ஓடும் இது."

"ஓடும்" என்றேன்.

"பின்ன ஏன் அப்படிச் சொன்னே?"

"ஆயுசு எனக்குத் தெரியும்னு சொன்னேன். கம்மின்னு சொன்னனா?"

கட்டரை மேசை மேல் வைத்தார். "போட்டியிலருந்து விலகிக்கலாம்னு இவன்கிட்டச் சொன்னேன். கேக்கல. ஓட்டியே தீருவேன்னான். விடியக்காலைலயே கார்ல ஏறி உக்காந்துட்டான். சீல உடைக்காம இவன எறக்க எனக்கு வேற வழி தெரியல. கப்பு போனாப் போகுது, புள்ள வேணுமே எனக்கு."

இது நான் போட்ட கணக்கில் இல்லை. சந்தேகம் தாங்காமல், திமிர் தாங்காமல் உடைப்பார் என்றுதான் நினைத்திருந்தேன். விதியை எழுதிய கையாலேயே விதியை உடைப்பார், ஊர் சிரிக்கும் என்று. இப்படி ஒரு முகத்தோடு நிற்பார் என்று நினைக்கவில்லை. எதற்கும் என் முகத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை.

அப்போது யுகேந்திரன் பேசினான். அவரிடம் இல்லை, என்னிடம்.

"அத்தை அப்படிப் பண்ண மாட்டாங்கன்னு நேத்துலருந்து கத்தறேன். எறங்க மாட்டேன்னேன். இவரு நம்பல." ஹெல்மெட்டைக் கீழே வைத்தான். "நெசமாச் சொல்லுங்க. உள்ள எதாச்சும் இருந்துச்சா, கண்ணுக்குத் தெரியாம? ஓட்டியிருந்தா நான் செத்திருப்பனா?"

லோகநாதன் என்னைப் பார்த்தார். அவர் என்ன வேண்டுகிறார் என்று புரிந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்பன் உயிரைக் காப்பாற்றினான் என்று பையன் நம்பிவிடுவான். என்னைக் காறித் துப்புவான், அவ்வளவுதானே. கண்ணுக்குத் தெரியாத விரிசல் உலோகத்துக்குள் எவ்வளவோ இருக்கும். சொன்னால் நம்பாமல் போக மாட்டான்.

மேசை மேல் என் எஞ்ஜின் கிடந்தது. ஒவ்வொரு பாகமும் எண்ணெய் மினுக்கத்தோடு. என் வாழ்நாளில் கட்டியதிலேயே நல்ல எஞ்ஜின்.

"ஒண்ணும் இல்லை" என்றேன். "ஓட்டியிருந்தா நீ ஜெயிச்சிருப்பே."

யுகேந்திரன் தலையை ஆட்டினான். உடுப்பின் ஜிப்பை இறக்கினான். அப்பனைத் தாண்டி, என்னையும் தாண்டி வெளியே போனான். லோகநாதன் "கண்ணு" என்று கூப்பிட்டுக்கொண்டே காலை இழுத்துப் பின்னால் போனார். அவரால் அவன் வேகத்துக்குப் போக முடியவில்லை.

தாஹிர் இரண்டாவது வந்தான். நடேசன் அழுதார். மேடையில் தாஹிர் யார் யாருக்கோ நன்றி சொன்னான், என் பெயர் வரவில்லை.

அக்டோபர் 13

துணி துவைத்தேன். கொடியில் இடம் இல்லாததால் கம்பியில் போட்டேன். வீட்டுக்காரம்மா ஒன்றும் சொல்லவில்லை.

ஜெயித்துவிட்டேன்.

அக்டோபர் 27

வருடாந்தரக் கூட்டம் நடந்ததாம். செலவுக் குறைப்பு பெரிய வெற்றி என்று தீர்மானம். அடுத்த வருடம் இருபத்திரண்டு கார்கள். நடேசன் இரண்டாவது காரும் இறக்குகிறார். எஞ்ஜினுக்கு என்னைக் கேட்கவில்லை, கம்பெனி ஆட்களே பூட்டித் தருகிறார்களாம். "தப்பா எடுத்துக்காதீங்க, தாஹிரு சங்கடப்படறான்" என்றார். எடுத்துக்கொள்ளவில்லை என்றேன்.

லோகநாதன் குழுவிலிருந்து விலகிவிட்டார். ஸ்பான்சரும் போய்விட்டான். பட்டறை வாசலில் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டார்கள் என்று சொன்னார்கள். பார்க்கலாம் என்று பஸ்ஸில் அந்த வழியாகப் போனேன். ஆமாம், கழற்றித்தான் இருக்கிறது. இறங்கவில்லை.

நவம்பர் 5

சாயங்காலம் அண்ணி வந்தாள். இந்த வீட்டுக்கு இப்போதுதான் முதல்முறை. படி ஏறி மூச்சு வாங்கியது. காபி போட்டேன், குடிக்கவில்லை.

யுகேந்திரன் வீட்டை விட்டுப் போய்விட்டான். பெங்களூரில் ரூம் எடுத்திருக்கிறானாம், ஏதோ டெலிவரி கம்பெனியில் வேன் ஓட்டுகிறானாம். அப்பன் போனை எடுப்பதில்லை. தாய் பேசினால் எடுக்கிறான், அப்பா பேச்சு வந்தால் வைத்துவிடுகிறான்.

"ஒரே பேச்சுத்தான் சாந்தா. நான் ஜெயிச்சிருப்பேன், அவர்தான் கெடுத்தாருங்கறான். இவரு வெளிய சொல்றதில்ல. அந்தக் கம்பித் துண்ட எடுத்து வெச்சுட்டு அதையே பாத்துட்டு உக்காந்திருக்கறாரு."

காபி டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"உங்கண்ணன் உனக்குப் பண்ணுனது தப்பு. நான் அன்னைக்கே சொன்னேன், கேக்கல. அவருக்கு நல்லா வேணும். ஆனா எம் பையன் என்ன பண்ணுனான்?" என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ ஒரு போன் பண்ணு. உள்ள ஒரு கொறை வெச்சிருந்தேன், நீ ஏறியிருந்தா உசுரு போயிருக்கும்னு சொல்லு. நீ சொன்னா நம்புவான். நீ சொல்றத மட்டுந்தான் அவன் நம்புவான். அப்பன்கிட்ட வந்துருவான். உன்மேல கோவப்பட்டா பட்டுட்டுப் போறான், நாளாச்சுன்னா ஆறிரும். ஒரே ஒரு பொய்தானம்மா."

அவளே போனில் நம்பரை எடுத்து, என் முன்னால் நீட்டினாள். பையன் போட்டோவோடு பெயர் தெரிந்தது. அழுத்த வேண்டியதுதான் பாக்கி.

வாயைத் திறந்தேன். சொல்லிப் பார்த்தேன், மனசுக்குள். விரிசல். எந்தப் பாகத்தில் என்று கேட்பான். எந்தப் பாகத்தில் என்று சொல்வது? ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். பிஸ்டன், ராடு, வால்வு. ஒவ்வொன்றும் என் விரல்களுக்கு ஞாபகம் இருந்தது.

போனை அவள் மடியிலேயே வைத்தேன்.

"அந்த எஞ்ஜினில் ஒரு குறையும் இல்லை அண்ணி" என்றேன்.